உலகில் வீணாகும் உணவை எப்படி அளக்கிறார்கள்? மதுரைக் கல்யாண மண்டபத்தில் அது முடியுமா?

முடியும். அடிப்படையில் எடை போடும் வேலைதான். வீடு, ஓட்டல், கடைக் குப்பையிலிருந்து உணவைப் பிரித்து நிறுக்கிறார்கள். இப்படிப் பல நாடுகளில் எடுத்த அளவுகளைத் திரட்டி ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் போட்ட கணக்கில், 2022-இல் வீணானது 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில்! (எலும்பு, தோலும் சேர்த்துத்தான்.) மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தைக்கு வரும் வழியில் நசுங்கும் தக்காளி இதில் சேராது, அது தனிக் கணக்கு.

மண்டபத்தில் இலையில் மிஞ்சியதையும் பாத்திரத்தில் மிஞ்சியதையும் தனித்தனி வாளியில் போட்டு, பந்திக்குப் பந்தி நிறுத்து எழுதுங்கள். இலையில் அதிகம் என்றால் பரிமாறுவதில் கோளாறு. கேட்காமல் இரண்டாம் கரண்டி வைக்கக் கூடாது. பாத்திரத்தில் என்றால் தலைக்கணக்கு தப்பு. கடைசிப் பந்திக்கு ஆள் பார்த்து உலை வைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் மிஞ்சுவது அங்கேதான். அப்புறம், கை படாத சோறு குழம்பை யாருக்குக் கொடுப்பது என்று முதல் நாளே பேசி வையுங்கள். மதுரை வெயிலில் மதியச் சாப்பாடு சாயங்காலம் வரை தாங்காது.