கால்பந்தில் ஆள் மாற்றிய பிறகு நடுவர் விசில் ஊதாமல் த்ரோ எறியலாமா?

கேட்டவருடைய சந்தேகம் இதுதான்: த்ரோவுக்கும் (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவது) கார்னருக்கும் (மூலையிலிருந்து உதைப்பது) நடுவர் விசில் ஊதுவதில்லை. அப்படியிருக்க, ஆள் மாற்றியதும் மட்டும் ஏன் எல்லோரும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிறார்கள்? அந்த நேரத்தில் அவர் என்னதான் செய்கிறார்?

எறியக் கூடாது. அவர் ஆட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பள்ளி ஆட்டங்களிலும் உள்ளூர்ப் போட்டிகளிலும் ஒன்பது வருடமாக விசில் ஊதுகிறேன். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு ஆள் மாற்றம் என்றால் தண்ணீர் குடிக்கும் நேரம். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் அதுதான்.

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மாற்ற முடியாது. ஏதாவது ஒரு காரணத்தால் ஆட்டம் நின்றிருக்க வேண்டும். மாற்று வீரர் நடுக்கோட்டருகே வந்து நிற்பார். பெரிய போட்டிகளில் அவரைச் சோதிக்க நான்காவது நடுவர் இருப்பார். எங்கள் ஆட்டங்களில் அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம், நானே ஓட வேண்டும். ஷூவின் அடியைப் பார்ப்பேன், காலுறைக்குள் ஷின் பேட் (முன்காலுக்கான காப்பு) இருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு காது, கழுத்து, விரல். கடுக்கன் போட்ட பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான். “கழற்ற வரவில்லை சார், மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்” என்பான். ஒட்டினால் செல்லாது, கழற்றினால்தான் உள்ளே.

முதலில் ஒருவர் வெளியே போக வேண்டும், பிறகு நான் கை காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்தவர் நடுக்கோட்டில் கால் வைக்கலாம். அந்தக் கால் உள்ளே பட்ட நொடியில்தான் மாற்றம் முடிகிறது. போகிறவர், வருகிறவர் எண்களைக் காட்டும் பலகை ஏறிவிட்டால் மாற்றம் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. 2019 பிப்ரவரியில் வெம்ப்ளியில் நடந்த இங்கிலாந்து லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்சியின் கோல்கீப்பர் கெப்பாவுக்குப் பதில் கபயேரோவை இறக்கப் பயிற்சியாளர் சாரி முடிவு செய்தார். பலகை ஏறியது. கெப்பா போக மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டார். சாரி கொதித்தார். நடுவர் ஜான் மாஸ் என்ன செய்ய முடியும்? கழுத்தைப் பிடித்துத் தள்ளவா? மறுப்பவர் ஆடலாம், ஆட்டம் தொடரும் என்பதுதான் விதி. பெனால்டி வரை கெப்பாவே நின்றார், செல்சி தோற்றது.

போகிறவர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது 2019இல் மாறியது. அதற்கு முன் முன்னிலையில் இருக்கும் அணியின் ஆட்டக்காரர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து நடுக்கோடு வரை ஊர்வலம் போவார்: ஒருவரைக் கட்டிப்பிடிப்பார், காலுறையைச் சரிசெய்வார், ரசிகர்களுக்குக் கை தட்டுவார். இப்போது பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். பாதுகாப்புக்காகவோ காயத்துக்காகவோ நடுவர் வேறு வழி காட்டலாம். வேண்டுமென்றே இழுத்தடித்தால் மஞ்சள் அட்டை. நல்ல மாற்றம்தான். ஆனால் எண்ணுகிற எனக்கு இது ஒரு தலைவலி. முன்பு எல்லோரும் ஒரே வாசலில் போய் வந்தார்கள். இப்போது மூன்று பேரை ஒன்றாக மாற்றினால் மூன்று பேரும் மூன்று மூலையில் வெளியேறுகிறார்கள்.

எண்ணத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ரைபுர்க் ஆட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 2. ஜெர்மானிய லீகில் ஃப்ரைபுர்க் மைதானத்தில் பேயர்ன் மியூனிக் 3-1 என்று முன்னிலை. கடைசி நிமிடங்களில் பேயர்ன் இரண்டு பேரை மாற்றுகிறது: டோலிசோவும் கோமானும் வெளியே, சூலேயும் சபிட்சரும் உள்ளே. பலகையில் கோமானுக்காக ஏறிய எண் 29. அது அவருடைய பழைய எண். அந்தப் பருவத்தில் அவர் முதுகில் இருந்தது 11. 29ஆம் எண் ஜெர்சியே மைதானத்தில் இல்லை, யார் போவது? டோலிசோ போனார், கோமான் நின்றார், புதிய இருவரும் வந்துவிட்டார்கள். ஆட்டமும் தொடங்கிவிட்டது. பதினொருவர் ஆட வேண்டிய இடத்தில் பேயர்ன் பன்னிரண்டு பேர்! கண்டுபிடித்துச் சொன்னது நடுவர் குழுவில் ஒருவரல்ல, ஃப்ரைபுர்க் தடுப்பாட்டக்காரர் ஷ்லாட்டர்பெக். விநாடிக் கணக்கில்தான் அந்தக் கூத்து நீடித்தது. ஆட்டம் 4-1 என்று முடிந்தது. ஃப்ரைபுர்க் புகார் கொடுத்தது, ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எண்ணைத் தப்பாகக் கொடுத்தது பேயர்ன் தரப்புதான். ஆனாலும் சரிபார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கவிட்ட தவறு நடுவர் குழுவினுடையது என்றார்கள். படித்தபோது எனக்கு வலித்தது, ஆனால் அது நியாயமான தீர்ப்பு.

அந்த விநாடிகளில் பேயர்ன் கோல் போட்டிருந்தால்? கோலுக்குப் பிறகு மறுபடி ஆட்டம் தொடங்குவதற்குள் நடுவர் கண்டுபிடித்தால் கோல் ரத்து, அந்த அதிகப்படி ஆள் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ கிக். தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் கோல் நிற்கும். ஒரு விசிலுக்கு முன்னும் பின்னும் அவ்வளவு வித்தியாசம்.

அதனால்தான் மஞ்சள் அல்லது சிவப்பு அட்டை, காயம், ஆள் மாற்றம் ஆகிய மூன்றுக்கும் பிறகு, அது வெறும் த்ரோவாக இருந்தாலும், விசில் கட்டாயம் என்று விதி சொல்கிறது. நான் பதினொன்று வரை எண்ணுவதில்லை. அத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்கையில் அது நடக்காது. போனது எத்தனை, வந்தது எத்தனை என்று சீட்டில் குறிப்பேன், பக்கக் கோட்டில் நிற்கும் துணை நடுவரைப் பார்ப்பேன், அவர் கட்டை விரலைத் தூக்கினால் ஊதுவேன். ஐந்து பேரை மாற்றலாம் என்று 2020இல் தற்காலிகமாக வந்து, 2022இல் நிலைத்த பிறகு சீட்டில் இடம் போதவில்லை.

ஒருமுறை பதினேழு வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம், 1-1. ஒரு பையன் உள்ளே வந்தான். நான் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே த்ரோ பறந்தது, அவன் காலில் விழுந்தது, கோல். மொத்த பெஞ்சும் மைதானத்துக்குள் ஓடி வந்தது. நான் தலையை ஆட்டி, த்ரோ எறிந்த இடத்தைக் காட்டினேன். பயிற்சியாளர் என் மூக்குக்கு நேரே வந்து, “த்ரோவுக்கு விசிலா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்றார். ஐந்தாம் விதியில் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. மறுபடி எறிந்த த்ரோ நேராக எதிரணித் தடுப்பாளரின் தலைக்குப் போனது.

இன்றும் எங்கேயாவது எதிர்ப்பட்டால் அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. விசில் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.