பன்னிரண்டு தோட்டக்காரர்களைத் தேடுங்கள்

கேள்வி: மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக ஐந்து மாதம் உழைத்து ஒரு ஆப் செய்தேன். எந்தத் தொட்டியில் எப்போது விதைத்தோம், எப்போது உரம் போட்டோம் என்று குறித்து வைக்கலாம். பிளே ஸ்டோரில் தேடினால் அது கண்ணிலேயே படவில்லை. ஏஐயிடம் சொல்லி ஒரே மாலையில் செய்த ஆப்களுக்கு நடுவில் என்னுடையதை யார் கண்டுபிடிப்பார்கள்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. 2014 பிப்ரவரியில் ‘த்ரீஸ்’ என்ற எண் விளையாட்டு வந்தது. ஓராண்டுக்கு மேல் செதுக்கியது. அடுத்த மாதமே, ஒரு வார இறுதியில் எழுதிய, அதே மாதிரியான ‘2048’ என்ற விளையாட்டு இலவசமாக வந்து உலகமெங்கும் பரவியது. த்ரீஸைத்தான் நகல் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அன்று அதற்கு ஒரு புரோகிராமராவது வேண்டியிருந்தது. இன்று அவரும் வேண்டாம். புது ஆப்புக்கு டவுன்லோடும் ரிவ்யூவும் இருக்காது. அதனால் தேடலில் மேலே வராது. மேலே வராததால் டவுன்லோடும் ஆகாது. வரிசை நீள நீள இந்தச் சிக்கல் இறுகுகிறது.

சரி, ஒன்று கேட்கிறேன். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள் ஆப்பை வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்பது கூகுள் விதி. அந்த 12 பேரை எங்கே பிடித்தீர்கள்? ‘உன் ஆப்பை நான் போடுகிறேன், என்னுடையதை நீ போடு’ என்று மாற்றிக்கொள்ளும் குழுவிலா? அவர்களில் ஒருவராவது ஒரு வெண்டைச் செடி வளர்க்கிறாரா?

நான் தையல்காரர்களுக்கு அளவு குறிக்கும் ஆப் செய்தபோது, எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம்தான் முதலில் கொடுத்தேன். பதினாலேகால் என்பதை 14.25 என்று அடிக்க வைத்திருந்தேன். “கையில டேப்பு இருக்கும்போது புள்ளி வெச்சு அடிக்க முடியுமாம்மா?” என்றார். கால், அரை, முக்கால் என்று மூன்று பட்டன் வைத்தேன். அடுத்த வாரம் அவரே பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டி வந்தார். ஸ்டோரில் தேடி வந்தவர்கள் அப்புறம்தான்.

ஏஐ உதவியோடு எழுதுவதில் தவறில்லை, நானும் எழுதுகிறேன். ஆனால் அந்த மூன்று பட்டன் வேண்டும் என்று அதனிடம் கேட்க எனக்கே அதுவரை தெரியாது.

ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க வருகிறவர்களை உங்கள் ஊர் விதைக்கடையில் பாருங்கள். ஆப்பை அவர்கள் போனில் போட்டுக் கொடுத்து, எங்கே விரல் தடுமாறுகிறது என்று பக்கத்திலேயே நின்று கவனியுங்கள்.