வாசகர் கேள்வி–பதில்: முதலில் என்டர் விசையைப் பாருங்கள்

கேள்வி: கையில் 60 யூரோ இருக்கிறது. இதுவரை லேப்டாப்பில்தான் தட்டியிருக்கிறேன். முதல் மெக்கானிக்கல் கீபோர்டுக்குச் சிவப்பு, பழுப்பு, நீலம் ஆகிய ஸ்விட்ச்களில் எது நல்லது?
– வாசகர், டோர்ட்முண்ட்

பதில்: ஸ்விட்ச்சின் (ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் தனிப் பொறி) நிறத்துக்குப் பிறகு வருவோம். முதலில் கடை போட்டிருக்கும் படத்தில் என்டர் விசையைப் பாருங்கள். இரண்டு வரிசை உயரத்துக்கு நிமிர்ந்து நின்றால் அது ஐரோப்பாவில் பரவலான ஐ.எஸ்.ஓ. அமைப்பு. ஒரே வரிசையில் நீட்டிப் படுத்திருந்தால் அமெரிக்க ஆன்சி அமைப்பு. மலிவாகக் கண்ணில் படும் சீன மாடல்களில் பல ஆன்சிதான்.

வித்தியாசம் என்டரோடு நிற்பதில்லை. சாதாரண எழுத்து விசையின் அகலத்தை ஓர் அலகு என்று வைத்தால், ஆன்சியில் இடது ஷிஃப்ட் 2.25 அலகு. ஐ.எஸ்.ஓ.வில் அது 1.25 அலகுதான், மிஞ்சும் இடத்தில் இன்னொரு விசை இருக்கும். ஜெர்மன் அமைப்பில் சிறிது–பெரிது குறிகளும், ஆல்ட்-ஜிஆர் (ஸ்பேஸுக்கு வலப்பக்கத்து ஆல்ட் விசை) சேர்த்தால் வரும் செங்குத்துக் கோடும் அந்த விசையில்தான் குடியிருக்கின்றன. ஆன்சி பலகையை வாங்கி விண்டோஸை ஜெர்மனுக்கு மாற்றினால் உம்லாவுட் (மேலே இரு புள்ளி வைத்த) எழுத்துகள் எல்லாம் வரும், இந்த மூன்று குறிகளுக்கு மட்டும் விசையே இருக்காது. கடிதம் எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. புரோகிராம் எழுதுகிறவர் முதல் நாளே திண்டாடுவார்.

கைஸ்ஹால்ஸ், இடேயலோ போன்ற விலை ஒப்பீட்டுத் தளங்களில் விசை அமைப்பைத் தேர்ந்தெடுத்து வடிகட்டலாம். ஆனால் எல்லா நாட்டுப் பதிப்புக்கும் ஒரே படத்தைப் போட்டு வைக்கும் கடைகளும் உண்டு. அதனால் பொருளின் பெயரையும் விவரத்தையும் வாசித்து, சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி நிறம். ஸ்விட்ச் தயாரிக்கும் செர்ரி நிறுவனத்தின் கணக்கில் சிவப்பை 45 சென்டிநியூட்டன் பலத்தில் அழுத்தினால் போதும் (ஏறக்குறைய 45 கிராம் எடை), தடையில்லாமல் இறங்கும். பழுப்புக்கு 55, பாதி வழியில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். நீலத்துக்கு 60, மேட்டோடு 'டிக்' சத்தமும் உண்டு. மூன்றும் 4 மில்லிமீட்டர் இறங்கக்கூடியவை, ஆனால் எழுத்து 2 மில்லிமீட்டர் வாக்கிலேயே விழுந்துவிடும். லேப்டாப் பழக்கத்தில் ஒவ்வொரு விசையையும் அடிமட்டம் வரை குத்தினால் ஒரு வாரத்துக்கு விரல் வலிக்கும். கேட்டரான், கெய்ல், அவுட்டெமு ஆகிய நிறுவனங்களும் இதே நிறப் பெயர்களை வைத்திருக்கின்றன. எடை மட்டும் சற்று முன்பின் இருக்கும்.

முடிவு செய்ய முடியவில்லையென்றால் பழுப்பு. 'இந்தச் சின்ன மேட்டுக்கா இவ்வளவு பேச்சு' என்று தோன்றலாம். அதனால்தான் ஹாட்-ஸ்வாப் பலகையாகப் பாருங்கள் என்கிறோம். சால்டரிங் இல்லாமலே பின்னால் ஸ்விட்ச்சை மாற்றிக்கொள்ளலாம். 60 யூரோவுக்குள் ஐ.எஸ்.ஓ., ஹாட்-ஸ்வாப், வயர்லெஸ் மூன்றையும் ஒரே பலகையில் தேடினால் தரம் அடிபடும். வயர்லெஸ்ஸை விட்டுக்கொடுங்கள். கீக்ரான் நிறுவனத்தின் வி வரிசைக் கீபோர்டு பல ஐரோப்பிய அமைப்புகளில் கிடைக்கிறது, ஆனால் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

கேள்வி: அடுத்த அறையில் கைக்குழந்தை தூங்குகிறது. நீல ஸ்விட்ச்சுக்கு ரப்பர் வளையம் போட்டால் சத்தம் அடங்குமா?
– வாசகர், ஆர்ஹுஸ்

பதில்: அடங்காது. வளையம் விசை அடியில் மோதும் சத்தத்தைத்தான் குறைக்கும். 'டிக்' ஸ்விட்ச்சுக்குள்ளிருந்து வருவது. சைலண்ட் ரெட் (சத்தம் குறைத்த சிவப்பு) வகை வாங்குங்கள்.

கேள்வி: பிரெஞ்சு அஸெர்ட்டி கீபோர்டு வாங்கினால் தமிழ் 99-இல் தட்டச்சு செய்ய முடியுமா? விசைகளைக் கழற்றி குவெர்ட்டி வரிசைக்கு மாற்றிப் போடலாமா?
– வாசகர், பாரிஸ்

பதில்: தாராளமாக முடியும். விண்டோஸ் 11-இல் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99-ஐ எடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும்.

தமிழ் 99 விசையின் இடத்தைத்தான் பார்க்கும், மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அமெரிக்கப் பலகையில் எம் இருக்கும் இடம் 'ர'. உங்கள் அஸெர்ட்டியில் அங்கே இருப்பது கால்புள்ளி விசை, அதைத் தட்டினால் 'ர' வரும். எம் என்று அச்சிட்ட விசை எல் விசைக்கு வலப்பக்கம் இருப்பதால் அது 'ந' தரும். ஆச்சரியக்குறி விசையில் 'ழ', டாலர் குறியில் 'ஞ'. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு: இஸட் என்று அச்சிட்ட விசை 'ள', ஒய் என்று அச்சிட்டது 'ஔ', ஓ உம்லாவுட் 'ந', ஏ உம்லாவுட் 'ய', யூ உம்லாவுட் 'ச', சிறுகோட்டு விசை 'ழ'. பாராமல் தட்டப் பழகியவருக்கு இது எதுவும் தேவைப்படாது. பார்த்துத் தட்டுகிறவர்கள் தமிழ் ஒட்டெழுத்து வாங்கினால், அது எந்தப் பலகைக்கானது என்று பார்க்காமல், இடம் பார்த்து ஒட்டவேண்டும்.

விசை மூடிகளை இடம் மாற்றுவது வேண்டாம். மெக்கானிக்கல் பலகைகள் பலவற்றில் வரிசைக்கு வரிசை மூடியின் உயரமும் சாய்வும் வேறு. ஏ-யையும் க்யூ-வையும் மாற்றிப் போட்டால் ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் நிற்கும்.

கேள்வி: ஹாட்-ஸ்வாப் பலகையில் புது ஸ்விட்ச் போட்டேன். மூன்று விசைகள் வேலை செய்யவில்லை. பலகை போய்விட்டதா?
– வாசகர், ஆஸ்லோ

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த ஸ்விட்ச்களைக் கழற்றி அடியில் பாருங்கள். இரண்டு செப்பு ஊசிகளில் ஒன்று மடங்கி ஸ்விட்ச்சோடு ஒட்டிக் கிடக்கும். ட்வீஸரால் நிமிர்த்தி, செங்குத்தாகப் பிடித்து, பலகையின் அடிப்பக்கம் விரலால் தாங்கியபடி அழுத்துங்கள். தாங்காமல் ஓங்கி அழுத்தினால் சாக்கெட் பெயர்ந்துவிடும்.

ஊசி நேராக இருந்தும் எழுத்து வரவில்லையா? கேபிளைச் செருகி, சாக்கெட்டின் இரண்டு துளைகளையும் ட்வீஸரால் ஒருசேரத் தொடுங்கள். எழுத்து விழுந்தால் பழுது ஸ்விட்ச்சில். விழாவிட்டால் சாக்கெட் பெயர்ந்திருக்கலாம், அதற்குச் சால்டரிங் தேவை.

இன்னும் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். ஐந்து கால் ஸ்விட்ச்சை மூன்று கால் பலகையில் போடும்போது, பக்கத்திலுள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களையும் நகவெட்டியால் ஒட்ட வெட்டவேண்டும். நடுவிலுள்ள தடித்த தூணைத் தொடாதீர்கள். இரண்டாவது, பழைய மலிவுப் பலகைகள் சிலவற்றில் இருக்கும் சாக்கெட், அவுட்டெமுவின் மெல்லிய ஊசிக்கு மட்டுமே அளவானது. வேறு ஸ்விட்ச்சைத் திணித்தால் உடையும்.

கேள்வி: ஒரு சீனத் தளத்தில் 35 யூரோ, இங்கே கடையில் அதே மாடல் 55. எங்கே வாங்குவது?
– வாசகர், ரோட்டர்டாம்

பதில்: 35 என்பது வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்த்ததா என்று முதலில் பாருங்கள். 22 யூரோவுக்குக் கீழான பொதிகளுக்கு இருந்த விலக்கு 2021 ஜூலை 1-ஆம் தேதியோடு போயிற்று. நெதர்லாந்தில் 21 சதவீதம். தளமே வசூலிக்காவிட்டால் பொதி கொண்டுவருகிறவர் வசூலிப்பார், கூடவே தன் கட்டணத்தையும் கேட்பார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம், இரண்டு ஆண்டு சட்டபூர்வ உத்தரவாதமும் உண்டு. திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். சீனாவுக்கு அந்தச் செலவே 20 யூரோ வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஸ்விட்ச் பிடிக்குமா என்றே தெரியாத முதல் பலகையை இங்கேயே வாங்குங்கள். (சுவிட்சர்லாந்து வாசகர்கள் கவனிக்க: இணையத்தில் வாங்கியதைத் திருப்பும் பொதுவான சட்ட உரிமை அங்கே இல்லை. கடையின் நிபந்தனையை வாசியுங்கள்.)

கேள்வி: ஜெர்மன் விளம்பரத் தளமான கிளைன்அன்சைகனில் பழைய செர்ரி அலுவலகக் கீபோர்டு 15 யூரோவுக்கு விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: அடிப்பக்கத்து ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜி80 என்று தொடங்கினால் எம்.எக்ஸ். (செர்ரியின் மெக்கானிக்கல்) ஸ்விட்ச், அதாவது நீங்கள் தேடுவது. ஜி83 என்றால் மெக்கானிக்கல் இல்லை, உள்ளே ரப்பர் குமிழ், அதற்கு 15 யூரோ அதிகம். ஏமாற்றுவது ஜி81. மூடியைக் கழற்றினால் எம்.எக்ஸ். போலவே கூட்டல் குறித் தண்டு தெரியும், உள்ளே வேறு ஸ்விட்ச். ஆகவே தண்டின் படத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஊதா நிற வட்டச் செருகி இருந்தால் அது பழைய பி.எஸ்/2 பலகை, யு.எஸ்.பி.யில் நேராகச் செருக முடியாது. விலை குறைந்த வெறும் அடாப்டர் எல்லாப் பலகைக்கும் வேலை செய்யாது, உள்ளே சிப் உள்ள மாற்றி வாங்கவேண்டிவரலாம். அழுக்குக்குப் பயப்படவேண்டாம். மூடிகளைக் கழற்றும் முன் பலகையை ஒரு படம் எடுத்துவையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும், ஓர் இரவு உலரவிட்டு மாட்டுங்கள். மூடிகள் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் குணம், கழுவிப் போகாது.