கேளுங்க, சொல்றோம்: நூலகத் தேடலும் ஏஐ ஏஜென்ட்டும்

கேள்வி: வணக்கங்க ஐயா. எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சின்னதாக ஒரு நூலகம் உண்டு. மஞ்சள், கரும்பு, நெல், தென்னை பற்றிய பழைய துண்டுப் பிரசுரம், இதழ், கையேடு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தேட ஒரு டூலும் வைத்திருக்கிறோம். விவசாயிகள் வாட்ஸப்பில் கேட்பதற்கு ஒரு ஏஐ ஏஜென்ட் (தானாக டூலைக் கூப்பிட்டு வேலை பார்க்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்) அந்த டூலில் தேடிப் பதில் சொல்ல வேண்டும். டூலுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'நூலகத்தில் தேட உதவும்' என்று ஒரு வரி எழுதினேன். பாதி நேரம் ஏஜென்ட் டூலைத் தொடுவதே இல்லை, தானாகப் பதில் சொல்லிவிடுகிறது. என்ன எழுதணும்?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த ஒரு வரிதான் அம்மணி சிக்கல். உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு கொடுக்கலாம் என்பதைப் படித்துத்தான் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. ஏஐ மாடலை, அதாவது ஏஜென்ட்டின் மூளையை, டூல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது முறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் டூலைப் பற்றி மாடல் முக்கியமாகப் பார்ப்பது இவற்றைத்தான்.

அதனால் எப்போது தேட வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்: 'மஞ்சள், கரும்பு, நெல், தென்னை சாகுபடி, நோய், உரம் பற்றிய எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் முன் இதில் தேடு.' கையோடு, எதற்கு இது ஆகாது என்பதையும்: 'இன்றைய சந்தை விலை, வானிலை, மானியம் இதில் இல்லை.' இந்த இரண்டாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒருவர் ஈரோட்டில் மஞ்சள் இன்றைக்கு என்ன விலை என்று கேட்க, ஏதோ ஒரு பழைய இதழின் விலைப் பட்டியலை எடுத்து அது நிதானமாக ஒப்பிக்கும்.

தேடுசொல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இலக்கணம் எழுத வேண்டாம், உதாரணம் கொடுங்கள். விவசாயி எழுதுவது: 'இலையெல்லாம் காஞ்சு போச்சுங்க, மஞ்சளப் புடுங்கிப் பாத்தா கிழங்கு அழுகிக் கெடக்கு.' டூலுக்குப் போக வேண்டியது: 'மஞ்சள் கிழங்கு அழுகல்.' உங்கள் டூல் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும் வகை என்றால் அதையும் எழுதுங்கள், 'மஞ்சளுக்கு', 'மஞ்சளில்' என்று உருபோடு தேடினால் கிடைக்காமல் போகலாம். ஆனால் சிலதைக் குறிப்பில் எழுதுவதே தப்பு. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. 'கோ 51', 'கோ51', 'பிஎஸ்ஆர் 2', 'பி.எஸ்.ஆர்.2' என்று ரகப் பெயர்களில் வரும் புள்ளி, இடைவெளித் தகராறும் அதே ஜாதி. இதையெல்லாம் டூல் எழுதினவர் உள்ளேயே சரிசெய்ய வேண்டும், ஏஜென்ட்டிடம் 'பார்த்துத் தேடு' என்று கெஞ்சக் கூடாது.

திரும்பி வரும் ஒவ்வொரு முடிவிலும் தலைப்பு, பக்கம், வெளியான ஆண்டு மூன்றும் வரட்டும். ஆண்டு கட்டாயம். எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் தடை செய்தது 2011 மே மாதம். அதற்கு முந்தைய பிரசுரங்களில் 'எண்டோசல்ஃபான் தெளிக்கவும்' என்று சர்வசாதாரணமாக இருக்கும், உங்கள் ஸ்கேனிலும் இருக்கலாம். ஆகவே குறிப்பில், 'பூச்சிமருந்து பற்றிய முடிவைச் சொல்லும்போது ஆண்டைச் சேர்த்துச் சொல். பழைய பிரசுரத்தை மட்டும் நம்பி மருந்தோ அளவோ பரிந்துரைக்காதே' என்று போட்டே ஆக வேண்டும். தடையான மருந்துகளின் பட்டியலை வைத்து டூலே எச்சரிக்கை ஒட்டி அனுப்பினால் இன்னும் நல்லது.

எனக்குக் கேட்டால் இதையெல்லாம்விட முக்கியம், ஒன்றும் கிடைக்காதபோது என்ன என்பது. 'தேடினேன், இல்லை' என்பதும் 'சர்வர் எடுக்கவில்லை' என்பதும் வெறும் காலியாகத் திரும்பி வந்தால், ஏஜென்ட் தன் ஞாபகத்திலிருந்து ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லி என்று அடித்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிச் செய்தி வையுங்கள். முதலாவதற்கு: 'பயிர், நோய் பெயரை மட்டும் வைத்து இன்னொரு முறை தேடு, அப்போதும் இல்லையென்றால் நூலகத்தில் இல்லை என்று சொல், அளவை ஊகிக்காதே.' இரண்டாவதற்கு: 'தேட முடியவில்லை, சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்' என்று விவசாயியிடம் சொல்லச் சொன்னால் போதும்.

கேள்வி: இந்த மாதிரிக் குறிப்பைத் தமிழில் எழுதலாமா, இங்கிலீஷ்தானா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பெரிய மாடல்களுக்குத் தமிழ் புரியும், எழுதலாம். பொதுவாக அதே விஷயத்துக்குத் தமிழில் டோக்கன் (மாடல் எழுத்தைத் துண்டுதுண்டாக எண்ணும் அலகு) கூடுதலாகச் செலவாகும், குறிப்பு ஒவ்வொரு முறையும் மாடலுக்குக் கூடவே போகும் என்பதால் பில்லில் தெரியும். விதிகளை எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், உதாரணங்கள் மட்டும் தமிழில், அதுவும் ஆட்கள் நிஜமாக டைப் செய்கிற தமிழில் இருக்கட்டும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற நூலகர். எங்கள் காலத்துப் படிப்பு இதற்கெல்லாம் உதவுமா?
— வாசகர், கரூர்

பதில்: உதவுமாவா! சீர்காழிக்காரரான நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூல்களை வகைப்படுத்த 1933-இல் கொண்டுவந்த கோலன் பகுப்புமுறை ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்ப்பதுதானே. பயிர், பிரச்சினை, ஊர், காலம் என்று தேடும் டூலில் வடிகட்டி வைக்கிறார்களே, அது உங்கள் ஆள் போட்ட பாதை. நெல்லில் 'தண்டு துளைப்பான்' என்று ஒரு பிரசுரம் சொல்லும், 'குருத்துப்பூச்சி' என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றே என்று டூலுக்குச் சொல்லும் பெயர்ப் பட்டியலை, பொறுமையாக உட்கார்ந்து கட்ட நூலகர்களைவிட்டால் ஆள் கிடையாது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் சம்பளம் பேசிக்கொண்டு போங்கள்.