'அம்மாள்' எல்லாம் 'அம்மா' ஆன பேனர்

கேள்வி: எங்கள் கோவில் தீமிதிக்காக உபயதாரர் பட்டியலை 2 அடி அகலம், 6 அடி உயரத்தில் 24 அங்குல பிளாட்டரில் (ரோல் தாளில் அடிக்கும் பெரிய பிரிண்டர்) அடித்தேன். வலது ஓரம் வெட்டுப்பட்டு, 'அம்மாள்' என்று முடியும் பெயர்கள் 'அம்மா' என்று நிற்கின்றன. 12 அடி பேனர் ஒன்றும் கொடுத்தேன். 8 அடி வந்ததும் பிரிண்டர் தாளை வெட்டிப் போட்டுவிட்டது. பழுது பார்ப்பவர் மை தெளிக்கும் ஹெட்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
- ஒரு வாசகர், மோல்மீன்

பதில்: மாற்றாதீர்கள் தம்பி. ஹெட் போனால் வெள்ளைக் கோடுகள் விழும், நிறம் மங்கும். கத்தி வைத்தாற்போல எழுத்தை நேராக வெட்டாது. உங்களுடையவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் பட்டியல். 24 அங்குல ரோலின் அகலம் 610 மி.மீ. இந்த வகை பிளாட்டர்கள் இரு பக்கமும் சுமார் 5 மி.மீ. விட்டுத்தான் அடிக்கும். ஆக, மை விழும் இடம் 600 மி.மீ. தான். உங்கள் 2 அடியோ 609.6. படம் இடது ஓரத்திலிருந்து தொடங்கினால், மிச்சமுள்ள ஒரு சென்டிமீட்டரும் வலது பக்கத்தில்தான் போகும். அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் உங்கள் 'ள்' இருந்திருக்கிறது. டிசைனை 590 மி.மீ. அகலத்துக்குள் கொண்டுவாருங்கள். டிரைவரிலும் (கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்கும் புரோகிராம்) அதே அளவைக் கஸ்டம் சைஸாகக் கொடுங்கள். டிசைன் புரோகிராமில் போட்ட அளவு டிரைவருக்குத் தானாகப் போய்ச் சேராது. அங்கே தாள் அளவு ஏ1 என்றே இருந்தால் 841 மி.மீ. உயரத்தோடு நின்றுவிடும். பேப்பர் சோர்ஸ் 'ரோல்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

12 அடிக்கு வருவோம். தாள் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது என்றால், வேலை முடிந்துவிட்டது என்றே பிரிண்டர் எடுத்துக்கொண்டிருக்கிறது. மீதி டேட்டா அதற்கு வந்து சேரவில்லை. ரங்கூனில் என் கடையில் இதே கோளாறோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இன்வெர்ட்டரில் இருந்தன. வைஃபை ரவுட்டர் மட்டும் சுவர் பிளக்கில் இருந்தது. கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அது அணைந்து எழும். கடை விளக்கு அணையாததால் எனக்குத் தெரியவே இல்லை. ஒரு நாள் ரவுட்டரின் பச்சை விளக்கு மினுக்குவதைத் தற்செயலாகப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அன்றைக்கே கேபிள் போட்டேன், இன்றுவரை கழற்றவில்லை. நீங்களும் கேபிளில் அடித்துப் பாருங்கள்.

அதிலும் நின்றால் ஃபைலின் கனத்தைப் பாருங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2 அடிக்கு 12 அடி என்றால் 7,200 × 43,200, அதாவது 31 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்தால் 900 எம்பிக்கு மேல் போகும். பழைய பிளாட்டரின் மெமரி இதில் திணறிவிடும். பேனரை யாரும் கையில் வைத்துப் படிப்பதில்லை, 150 டிபிஐ தாராளமாகப் போதும், கனம் கால் பங்காகிவிடும். பிடிஎஃப் என்றால் அக்ரோபாட்டில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' போடுங்கள். விண்டோஸ் பிரிண்டர் அமைப்பில் அட்வான்ஸ்ட் பக்கத்தில், கடைசிப் பக்கமும் ஸ்பூல் ஆன (கம்ப்யூட்டரில் வரிசையில் சேர்ந்த) பிறகே அடிக்கத் தொடங்கும்படி ஒரு தேர்வு உண்டு, அதையும் வைத்துவிடுங்கள். சி டிரைவில் சில ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். பிரிண்டர் மெனுவில் ஐ/ஓ டைம்அவுட் (டேட்டாவுக்காகக் காத்திருக்கும் நேரம்) இருந்தால் அதைக் கூட்டுங்கள்.

உபயம் கொடுத்தவர்கள் கூட்டத்தில் நின்று தங்கள் பெயரைத் தேடிப் படிப்பார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். ஓர் எழுத்துகூடக் குறையக்கூடாது. அதனால் நல்ல தாளைத் தொடும் முன், டிசைனின் நாலு ஓரத்திலும் மெல்லிய கோடு போட்டு, சாதாரணத் தாளில் டிராஃப்டில் ஒரு தடவை அடியுங்கள். நாலு கோடும் தெரிந்தால் கோட்டை எடுத்துவிட்டு நல்ல தாளை மாட்டுங்கள்.