பனிச்சறுக்குக்கு பட்ஜெட் போடுவது எப்படி? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் பிறந்த பிறகு வரும் கேள்விகள் இந்த முறை முன்கூட்டியே வந்துவிட்டன. ரொம்ப நல்லது. ஸ்கீயிங் போக நினைப்பவர்கள் ஆவணியிலேயே கணக்குப் போட ஆரம்பித்தால்தான் கட்டுப்படியாகும். ஹோட்டல், கோண்டோலா (மலைக்கு ஏற்றிப்போகும் கேபிள் கார்), வாடகைச் சாமான் எல்லாவற்றின் விலையும் சீசனுக்கு சீசன் மாறும். அதனால் ரூபாயைவிடக் கணக்குப் போடும் வழியைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

காஷ்மீருக்கு ஐந்து இரவு, ஆறு பகல் என்று ஒரு பேக்கேஜ் பேசி வைத்திருக்கிறோம். அதில் ஒரு நாள் குல்மார்க். அன்றைக்கே ஸ்கீயிங் கற்றுக்கொள்ள முடியுமா? நாங்களே தனியாகப் போனால் செலவு எகிறிவிடுமா? (தம்பதி, பெரம்பூர்)

கற்றுக்கொள்ள முடியாது. போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ. பனி கொட்டும் நாள்களில் வந்த வண்டி மலையடிவார ஊரான தங்மார்க்கிலேயே நின்றுவிடும். அங்கிருந்து டயரில் சங்கிலி கட்டிய வேறு வண்டி பிடித்து 13 கி.மீ. மலையேற வேண்டும். இறங்கியதும் ஸ்லெட்ஜ் என்ற பனிவண்டி இழுப்பவர்கள், கம்பூட்ஸ் வாடகைக்காரர்கள், கைடுகள் என்று ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். எல்லாம் பேசி முடித்து பூட்ஸை மாட்டும்போது மதியம் ஆகியிருக்கும். நாலு முறை விழுந்து எழுவதற்குள் டிரைவர் போன் செய்துவிடுவார்.

நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இதுதான்: மொத்தச் செலவை, பனியில் நிற்கும் நாள்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, பேக்கேஜ் இரண்டு பேருக்கு 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பனியில் கிடைப்பது அரை நாள். தனியாகப் போய் ஒரு லட்சமே ஆனாலும் குல்மார்க்கில் ஐந்து நாள் சறுக்கினால் நாளுக்கு 20,000. எது மலிவு என்று நீங்களே பாருங்கள். தால் ஏரி, முகல் தோட்டம் எல்லாம் பார்க்கவேண்டிய இடங்கள்தான், அதற்கு வேறொரு முறை போகலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

தனியாகப் போவதில் கவனிக்க வேண்டியது மூன்று. சென்னை–டெல்லி, டெல்லி–ஸ்ரீநகர் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். அடுத்து, திரும்பும்போது ஸ்ரீநகரில் ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். பனி பெய்தால் விமானங்கள் ரத்தாவது அங்கே சாதாரணம். அந்த விமான நிலையத்தில் சோதனைகளும் மற்ற ஊர்களைவிட அதிகம், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மூன்றாவது ஹோட்டல். ரூம் வாடகையை மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடுமா, அதற்குத் தனிக் காசா, வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தங்மார்க்கில் தங்கினால் ரூம் மலிவு. ஆனால் தினமும் ஏறி இறங்கும் வண்டிச் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று. முதல் தடவை போகிறவர்கள் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்துக்கு ஸ்கீயோடு ஏறவே வேண்டாம். அது கொண்டுபோய் விடும் அஃபர்வாத் மலை கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரம். செப்பனிடாத செங்குத்துச் சரிவு, பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2024 பிப்ரவரியில் வெளிநாட்டு சறுக்கு வீரர் ஒருவர் அங்கே பனிச்சரிவில் சிக்கி இறந்தார். கீழே இருக்கும், புதியவர்கள் கற்றுக்கொள்ளும் சரிவே உங்களுக்கு நாலு நாளைக்குக் காணும். அந்த டிக்கெட் காசை இன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுங்கள்.

நண்பர்கள் மூன்று பேர். இருபது மாத ஏலச்சீட்டு, மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. நடுவில் தள்ளி எடுத்து இந்த சீசனே போய்விடலாமா? இல்லை, கடைசி வரை கட்டி எடுக்கலாமா? (தண்டையார்பேட்டை)

அவசரப்பட்டுத் தள்ளி எடுக்காதீர்கள். லட்ச ரூபாய்ச் சீட்டை 20,000 தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 80,000. மாதாமாதம் வரும் கழிவில் கொஞ்சம் திரும்பினாலும், விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு ஆள் தங்கும் செலவு போய்விட்டது. கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் வேறு வழியில்லை. ஊர் சுற்ற அப்படிச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

மொத்தப் பணமும் ஒரே நாளில் தேவைப்படாது என்பதையும் பாருங்கள். முதலில் விமான டிக்கெட், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. பிறகு ஹோட்டல் அட்வான்ஸ். மீதியெல்லாம் அங்கே போய்த்தான். மூன்று பேரும் மாதம் ஒரு தொகை தனியாகப் போட்டு டிக்கெட்டை எடுத்துவிட்டால், சீட்டு முதிரும்போது பெரிய செலவுக்குச் சரியாக இருக்கும். சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதிவான சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருவில் பிடிக்கும் சீட்டை நம்பி டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு சீட்டு பிடித்தவர் வீட்டு வாசலில் நிற்காதீர்கள்.

மூன்று பேர் என்பது ஸ்கீயிங்குக்கு நல்ல எண்ணிக்கை. ஒரே ரூம், ஒரே வண்டி, ஒரே இன்ஸ்ட்ரக்டர். மூவரும் புதியவர்கள் என்றால் ஒருவரே மூவருக்கும் சொல்லித்தரலாம். மூன்றாம் நாள் ஒருவர் மட்டும் முன்னே ஓடுவார், அவரை மட்டும் அரை நாள் தனியாக விடுங்கள்.

நான் மாதவரத்தில் கோல்டு ஸ்டோரேஜில் வேலை பார்க்கிறேன். மைனஸ் 18 டிகிரி அறைக்குள் தினமும் போய் வருகிறோம். கம்பெனி கொடுத்த ஜாக்கெட், பூட்ஸ், கையுறை இருக்கிறது. அதையே எடுத்துப் போனால் துணிச் செலவு மிச்சமாகுமே?

நல்ல கேள்வி அண்ணா. குளிரைப் பற்றி மற்ற வாசகர்களுக்கு இருக்கும் பயம் உங்களுக்கு இருக்காது. குல்மார்க்கில் ஜனவரி ராத்திரி மைனஸ் பத்தைத் தொடும் நாள்கள் உண்டு. பகலில் வெயிலடித்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். உங்கள் அறையைவிட அது தேவலை.

ஆனால் அறைக்குள் இருப்பது காய்ந்த குளிர், உள்ளே இருக்கும் நேரமும் கொஞ்சம்தான். சரிவில் முதல் இரண்டு நாள் பாதி நேரம் பனியில் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். விழும்போது இடுப்புப் பக்கம் பனி உள்ளே போகும், உடம்புச் சூட்டில் உருகும், பேன்ட் நனையும். மேலே ஏற ஏற வியர்த்துக் கொட்டும். அந்த வியர்வை கனமான ஜாக்கெட்டுக்குள் சிக்கிக்கொண்டு, நீங்கள் நின்றதும் சில்லிட்டுவிடும். நடுக்கம் அப்படித்தான் வருகிறது.

அதனால் செலவு செய்ய வேண்டியது பேன்டுக்கு. தண்ணீர் புகாத ஸ்கீ பேன்ட் ஒன்று. அதற்கடியில் பாலியெஸ்டர் அல்லது கம்பளி தெர்மல், மேலே ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற கதகதப்புச் சட்டை), அதற்கு மேல் காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. உங்கள் கோல்டு ஸ்டோரேஜ் ஜாக்கெட்டை மாலையில் கடைத்தெருவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பூட்ஸையும் அப்படியே. சரிவுக்கு ஸ்கீ பூட்ஸ்தான், அதை அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும். கையுறையைத் தண்ணீர்ப் பக்கெட்டில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் வந்தால் அது சரிவுக்கு ஆகாது.

பூட்ஸ் எடுக்கும்போது அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். ஒரே ஒரு சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். குளிரும் என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாக உரச வேண்டும். முட்டியை மடக்கி முன்னே சாய்ந்தால் அந்த உரசல் விலக வேண்டும். குதிகால் மேலே தூக்கினால் ஒரு சைஸ் குறையுங்கள். எடை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொள்ளும் இறுக்கத்தை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். அஞ்சு கிலோ குறைத்துச் சொல்லி யாரை ஏமாற்றப் போகிறோம்? ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்க வேண்டாம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். நம்ம நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தவர்கள் மூக்கு உரிந்து வந்திருக்கிறார்கள்.

குல்மார்க், ஔலி, மணாலி, இல்லை பேசாமல் வெளிநாடே போய்விடலாமா? ஐ.டி. வேலை, பாஸ்போர்ட் இருக்கிறது. (கொளத்தூர்)

கையில் பணம் குறைவு, லீவு இருக்கிறது என்றால் அரசுப் பயிற்சி முகாம்தான் முதல் தேர்வு. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் உள்ள மலையேற்ற நிறுவனம், ஔலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்று மூன்றும் சறுக்குப் பயிற்சி நடத்துகின்றன. தங்குமிடம், சாப்பாடு, சாமான் எல்லாம் பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். தேதி அவர்கள் சொல்வதுதான், ரூமும் டார்மிட்டரி மாதிரி இருக்கும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

ஔலியில் சரிவு அழகு, எதிரே நந்தாதேவி தெரியும். ஆனால் ரிஷிகேஷிலிருந்து, ஔலிக்குக் கீழே இருக்கும் ஊரான ஜோஷிமட் வரை சுமார் 250 கி.மீ. மலைப்பாதை, ஒரு முழுப் பகல் போய்விடும். ஜோஷிமட்–ஔலி ரோப்வேயும் 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் புதைந்தபோது நிறுத்தப்பட்டது. அதனால் கீழிருந்து ஔலிக்கு ரோடு வழியாகப் போவதாகவே திட்டம் போடுங்கள். மணாலி என்றால் சோலாங் சரிவு ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு நாள் ருசி பார்க்கப் போதும்.

வெளிநாடு என்றால் கஜகஸ்தானின் ஆல்மாட்டி நகரம். இந்தியர்கள் கஜகஸ்தானில் 14 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம் (டிக்கெட் போடும் முன் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). டெல்லியிலிருந்து நேர் விமானம் உண்டு. ஷிம்புலாக் சரிவு நகரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நகரத்தில் தங்கிக்கொண்டு, 12ஆம் எண் பஸ்ஸில் மெதெவ் போய், அங்கிருந்து கோண்டோலாவில் ஏறிவிடலாம். சரிவுகள் ஒழுங்காகச் செப்பனிட்டவை, மேல் முனை 3,200 மீட்டர். உங்கள் நிலையில் நான் என்றால், முதல் வருஷம் குல்மார்க்கில் கற்றுக்கொண்டு இரண்டாம் வருஷம் ஆல்மாட்டி போவேன்.

பிள்ளைகளுக்கு லீவு அரையாண்டிலும் பொங்கலிலும்தான். எது நல்லது? (ராயபுரம்)

அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு மோதும். விமானமும் ரூமும் உச்சத்தில் இருக்கும், பனியோ நிச்சயமில்லை. ஆகவே பொங்கல். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரையான 40 நாளை சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம் அது. ஆனால் குளிர் இருக்கும் இடத்தில் பனியும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் பாதி மாதத்துக்கு மேல் குல்மார்க் புல்வெளியாகக் கிடந்தது. 2025இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அதனால் ரூமை, பணம் திரும்பக் கிடைக்கும்படி மட்டுமே போடுங்கள். பள்ளிக்கூடக் கவலை இல்லாதவர்களுக்கு பிப்ரவரியின் முதல் மூன்று வாரம்.

ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யுமா? இன்சூரன்ஸ் எடுக்கணுமா? (திருவொற்றியூர்)

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். குழுவில் ஒருவராவது மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் எடுங்கள். ஆனால் பாலிசியில் சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். ஸ்கீயிங் சேர்ந்திருக்கிறதா, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவு உண்டா என்று கேளுங்கள். நீங்கள் கேட்காத இன்னொன்று: விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு நேர் மெட்ரோ இருக்கிறதே என்று விடியற்காலை விமானத்துக்கு நம்பியிருக்காதீர்கள். அந்த நேரத்தில் ரயில் கிடையாது, வண்டிக் காசையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

வயசு 52, ஹார்பர் வேலை, ஒரு முட்டி கொஞ்சம் வலிக்கும். மகனோடு போகலாமா? அப்புறம், அங்கே சோறு கிடைக்குமா? (காசிமேடு)

முதலில் முட்டியை எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் இரண்டு மாதம் தொடையைத் தயார் செய்யுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவதுபோல் நில்லுங்கள். முதல் நாள் அரை நிமிஷம், போகப் போகக் கூட்டுங்கள். ரயில்வே மேம்பாலப் படிகளில் இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள், சறுக்கும்போது வேலை செய்வது அந்தத் தசைதான். மணலில் நடப்பதும் நல்லது. வலி கூடினால் விட்டுவிடுங்கள். மகன் சறுக்கட்டும், நீங்கள் கோண்டோலாவின் முதல் கட்டம் வரை போய் வரலாம்.

சோறு தாராளமாகக் கிடைக்கும். காஷ்மீரிகள் மதியமும் ராத்திரியும் சோறு சாப்பிடுகிறவர்கள். மீன் குழம்பு மட்டும் உங்கள் வீட்டு ருசிக்கு வராது. ஊறுகாய் கொண்டுபோவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். இரண்டு பாலித்தீன் பை சுற்றி பெரிய பெட்டியில் போடுங்கள்.