பங்கார் வேட்டை நாய் இல்லை

கட்டுரைக்காக நீங்கள் வைத்திருக்கும் படத்தின் கீழே "குப்லாய் கானின் வேட்டை நாய், பங்கார்" என்று போட்டிருப்பதை அப்படியே கட்டுரையில் எடுத்துப் போட வேண்டாம். பங்கார் என்பது மங்கோலியாவின் மந்தைக் காவல் நாய். ஓநாய் பட்டியை நெருங்கினால் குரைத்து, குறுக்கே நின்று விரட்டுவதுதான் அதன் வேலை.

குழப்பத்துக்குக் காரணம் மார்க்கோ போலோவாகத்தான் இருக்கும். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் வேட்டை நாய்களைப் பாயான், மிங்கான் என்ற அண்ணன் தம்பி கவனித்ததாகவும், ஆளுக்கு 10,000 பேர், ஒரு கூட்டத்துக்குச் சிவப்பு உடை, இன்னொன்றுக்கு நீலம் என்றும் அவர் சொல்கிறார். கான் நடுவில் வர, இரண்டு கூட்டமும் நாய்களோடு இரு பக்கமும் போகும். அவர் சொல்வது பெரிய நாய்களை. அதனால் பங்காரோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

உங்களிடம் உள்ள படத்தை இப்படிப் பாருங்கள்:

1. கனத்த உடம்பு, அடர்ந்த ரோமம், பெரும்பாலும் கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு: பங்கார்.
2. ஒடுங்கிய முகம், நீண்ட கால், ஒட்டிய வயிறு: இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். மங்கோலியாவில் இதைத் தைகா நாய் என்பார்கள்.

அப்புறம், செங்கிஸ் கானை நாய்ப் பிரியராக்கிவிடாதீர்கள். பெண்வீட்டில் சிறுவன் தெமுஜினை (செங்கிஸ் கானின் இயற்பெயர்) விட்டுச்செல்லும்போது, "பையனுக்கு நாய் என்றால் பயம்" என்று தந்தை யெசுகெய் எச்சரித்ததாக 'மங்கோலியரின் ரகசிய வரலாறு' என்ற பழைய மங்கோலிய நூல் சொல்கிறது!

ஒன்று மட்டும் கவனம்: 10,000 என்பது மங்கோலியப் படைப்பிரிவின் வழக்கமான அளவும்கூட. அதனால் அது எண்ணிப் பார்த்த கணக்காக இல்லாமலும் இருக்கலாம்; "போலோ சொன்ன கணக்கு" என்றே எழுதுங்கள்.